சுண்டெலியின் குடலும் மனிதனின் குடலும்

திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் போன்ற நிலையங்களில் ஆராய்ச்சிக்கெனச் சுண்டெலிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் குடலிற் கண்டதை அந்நகர மக்களின் குடலுக்கும் அப்படியே பொருத்தலாமா?

பெரும் பிரிவுகளை மட்டும் நோக்கின், பொருத்தலாம் போலவே தோன்றும். பாக்டீராய்டுகள், ஃபர்மிகியூட்டுகள் என்னும் இரு பெருங்கூட்டங்களே ஈரிடத்தும் மிகுந்துள்ளன. பேரினம் வரை இறங்கிப் பார்த்தாலோ நிலை வேறு. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எலிக்குடலிலிருந்து பெற்ற மரபணுத் தொடர்களுள் நூற்றுக்கு 85, மனிதரிடம் அதுவரை காணப்படாத பேரினங்களைச் சேர்ந்தவையாயிருந்தன.

உடலமைப்பும் ஒரு காரணம். எலிக்குக் குருட்டுக்குடல் பெரிது. நார்ப்பொருள் அங்கே புளிக்கிறது. நமக்கு அது சிறு பை. புளிப்பு பெருங்குடலில் நிகழ்கிறது. மேலும், எலி தன் புழுக்கையைத் தானே தின்னும். (மாணவர் முகஞ்சுளிப்பர், ஆயினும் ஆசிரியர் இதைக் கூறாது விடலாகாது.) ஒரே கூண்டிலுள்ள எலிகள் இவ்வாறு நுண்ணுயிர்களைப் பகிர்ந்துகொள்வதால், ஐந்து எலிகளை ஐந்து தனிச் சான்றுகளாக எண்ணுதல் பிழை. உணவும் வேறு. எலிக்கு நாள்தோறும் ஒரே தீவன வில்லை. திருவனந்தபுரத்தாருக்கோ சோறு, மரவள்ளிக்கிழங்கு, மீன், தேங்காய்.

ஆதலின், எலியிடம் பலித்த சிகிச்சையை மனிதரிடம் தனியே சோதித்தல் வேண்டும். அத்தகைய சோதனைக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளரின் பணி நல்ல எடுத்துக்காட்டு. காலரா நோயாளிகளுக்கு, சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளை உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் கலந்து கொடுத்தனர். குடல் பாக்டீரியங்கள் அம்மாவைக் கொழுப்பமிலங்களாக்கும். அவை பெருங்குடல் உப்பையும் நீரையும் ஈர்க்கத் துணைசெய்யும் என்பதே கருத்து. பேதி விரைவில் நின்றது. அம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.