ஐப்பசி மழையும் தீபாவளி வெடியும்: செஞ்சி வட்டாரத்தார் காதுகளைக் காக்க

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அவ்வளவு பெய்யாவிட்டாலும் கிணறும் ஏரியும் நிறைந்துவிடும். பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். குதிக்கட்டும். கரையேறியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, காது மடலை மெல்ல இழுத்துவிட்டு, துண்டின் நுனியால் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சீழ் வடியும் காது, செவிப்பறையில் ஓட்டை உள்ள காது என்றால் நீச்சலே வேண்டாம். அப்படிப்பட்ட காது உள்ளவர்கள் தலைக்குக் குளிக்கும்போதும் தேங்காய் எண்ணெய் தடவிய பஞ்சைக் காது வாயிலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் தங்கிய காதில் இந்த மாதங்களில் பூஞ்சை பிடிக்கிறது. முதலில் அரிப்பு, பிறகு அடைப்பு. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தால், நனைந்த செய்தித்தாள் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவே கறுப்புப் புள்ளிகள். அரிப்பெடுத்ததும் கை தேடுவது ஊக்கு, கொண்டை ஊசி, கோழி இறகு, தீக்குச்சி ஆகியவற்றைத்தான். தயவுசெய்து தொடாதீர்கள். துளை முழுவதும் இரண்டரை செ.மீ. நீளம்தான், அதன் முடிவில் இருப்பது செவிப்பறை. காதழுக்கு காதுக்குக் காவல், தானாகவே வெளியே வந்துவிடும். தீபாவளி எண்ணெய்க் குளியலில் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் குழந்தையின் காதில் ஊற்றும் வழக்கத்தையும் இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். பூண்டு எண்ணெயும் அப்படித்தான்.

சளி பிடித்த குழந்தை இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் நடுக்காதில் சீழ் கட்டியிருக்கலாம். மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால், சளி எளிதில் மேலேறிவிடுகிறது. படுக்க வைத்துப் பாட்டில் பால் புகட்ட வேண்டாம். காய்ச்சலும் வலியும் இருந்தால் மறுநாளே செஞ்சி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இனி வெடி. நான்கு மீட்டர் தள்ளி நின்றால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பட்டாசுக்கான விதி. நம் தெருவில் பிள்ளைகள் நிற்பதோ கை நீட்டும் தூரத்தில். வேலையிடத்தில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம்வரை தாங்கலாம், 100 என்றால் 15 நிமிடம்தான் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் கணக்கு. வெடிச்சத்தமோ நிமிடக் கணக்குக்கே காத்திருக்காது. உட்காதில் ஒலியை வாங்கும் சுமார் 16,000 மயிரிழைச் செல்கள் பிறவியில் கிடைப்பவை. போனால் மறுபடி முளைப்பதில்லை. அதனால் சந்துக்குள் வெடிக்காதீர்கள், இரு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். கைக்குழந்தைகளை உள் அறையில் வையுங்கள். வெடித்தபின் காதில் இரைச்சல் கேட்டு மறுநாளும் அடங்காவிட்டாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ, பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். முதல் சில நாட்களில் சிகிச்சை தொடங்கினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

தீபாவளியை ஒட்டியே ஐப்பசி அமாவாசையும் வருகிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறவர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இடம் பிடிக்க வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். எனக்குப் பெரிய கவலை பம்பை அடிப்பவர்களைப் பற்றித்தான்: நாம் ஓர் இரவு கேட்பதை அவர்கள் வருடம் முழுக்கத் தோளருகே கேட்கிறார்கள். கார்த்திகைப் பட்டத்து விதைக்கு மல்லாட்டை உடைக்கும் மிஷினில் நிற்பவர்களுக்கும், கல் குவாரி ஆட்களுக்கும் இதே நிலைதான். வெறும் பஞ்சு போதாது. நுரையாலான காதடைப்பானை விரலால் உருட்டிச் செருகிக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஹெட்போன் போடும் கல்லூரிப் பிள்ளைகள், இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டாதீர்கள். பாதி அளவு போதும்.

மழை விட்ட மாலையில் ஈசலோ வண்டோ காதுக்குள் புகுந்தால் நோண்ட வேண்டாம், டார்ச் அடித்துக் காத்திருக்கவும் வேண்டாம். ஓட்டையில்லாத காதென்றால் சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விடுங்கள், பூச்சி அசைவது நின்றுவிடும். எடுப்பதை மருத்துவமனையில் செய்யட்டும். ஓட்டை உள்ள காதில் எண்ணெயும் விடாமல் நேரே கூட்டிப்போங்கள்.