கனத்த எலும்பும் முறியும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் ஊர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அங்குத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். சுற்றிலும் முதலமடையின் மாந்தோப்புகள். கேரளம் என்றவுடன் ஓயாத மழையை எண்ணிக்கொண்டு வருவோர் இப்பகுதியைக் கண்டு வியப்புறுவர். பாலக்காட்டின் கிழக்கோரம் மழை குறைந்த பூமி. நெடுங்காலமாகக் கிணறும், பின்னர் ஆழ்குழாயுமே பல வீடுகளின் தாகம் தீர்த்து வந்துள்ளன. இந்தத் தண்ணீரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இருப்பார், இருபதாண்டு நீரிழிவுக்காரர். "முட்டி வலிக்கிறது, இடுப்புப் பிடிக்கிறது" என்பார். ஒருநாள் வாசற்படியில் கால் இடறுகிறது, தொடையெலும்பு முறிகிறது. "வயதாகிவிட்டதல்லவா!" என்று சொல்லி நாம் ஆறுதல் அடைகிறோம். இந்த விடை எனக்கு ஒருபோதும் நிறைவு தந்ததில்லை. அதே வயதில் அதே படியில் இடறி விழுந்தவர் எல்லோருக்கும் எலும்பு முறிவதில்லையே!

நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலரும் அறிந்ததே. 1936-இல் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர் நீரிழிவாளரின் சிறுநீரக வடிகட்டிகளில் முடிச்சு முடிச்சாகத் தடிப்பு ஏறியிருப்பதை எடுத்துக் காட்டினர். ஆனால் சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்றே பாடநூலில் படித்துவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. வெயிலில் நம் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, பிறந்த நிலையில் பயன்படாது. முதலில் ஈரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் பக்குவமடைந்த பிறகே அது உணவிலுள்ள கால்சியத்தைக் குடலிலிருந்து இழுத்துக் கொடுக்கும். அந்த இறுதிப் பக்குவம் சிறுநீரகத்தில்தான் நடைபெறுகிறது என்பதைப் பிரேசர், கோடிசெக் இருவரும் கேம்பிரிட்ஜில் 1970-இல் கண்டறிந்தனர்.

ஆகவே சிறுநீரகம் தளர்ந்தால் கால்சிய வரவு குறைகிறது. கழிய வேண்டிய பாஸ்பேட்டோ இரத்தத்தில் தேங்குகிறது. இதைக் கண்ட பாராதைராய்டுச் சுரப்பிகள், விளைச்சல் இல்லாத ஆண்டில் குதிரைத் திறந்து நெல்லை அள்ளும் குடும்பத்தைப் போல, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கத் தொடங்குகின்றன.

நீரிழிவு தன் பங்குக்கு மற்றொன்றும் செய்கிறது. எலும்பு சுண்ணாம்பு மட்டுமன்று. கொலாஜன் என்னும் புரத நார்களின் மேல் சுண்ணாம்பு படிந்த கட்டடம் அது. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் இந்நார்களில் ஒட்டிக்கொள்ள, அவை வளையும் தன்மையை இழந்து விறைத்துப் போகின்றன. பழைய எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலையும் மந்தமாகிறது. இதில் வேடிக்கை என்னவெனில், நடுவயதில் வரும் வகை நீரிழிவுடையோரின் எலும்படர்த்தியைக் கருவியால் அளந்தால் அது இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ கூட இருக்கும். அப்படியிருந்தும் மற்றவரைக் காட்டிலும் அவர்களுக்கு முறிவு மிகுதி. கண் மங்கலும், பாத மரப்பும், சர்க்கரை திடீரெனத் தாழ்வதால் வரும் மயக்கமும் அவர்களைக் கீழே தள்ளிவிடக் காத்திருக்கின்றன.

இனித் தண்ணீருக்கு வருவோம். சித்தூர் வட்டாரத்தில் கொழிஞ்சாம்பாறை, முதலமடை முதலிய பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வருவது அது. ஒவ்வொரு கிணறும் அப்படி என்று அஞ்ச வேண்டா. ஒரு தோட்டத்தில் மிகுந்தும் அடுத்த தோட்டத்தில் குறைந்தும் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டு பருகினால் முதலில் பல்லில் கறை, பின்னர் முதுகும் மூட்டும் விறைத்தல். இந்நோயை நம் நாட்டில் மனிதரிடம் விரிவாக எடுத்துரைத்த முதல் கட்டுரை 1937-இல் வெளிவந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்து மக்களைப் பற்றி ஷார்ட்டும் அவருடைய தோழர்களும் எழுதியது அது.

உடலில் சேரும் ஃபுளோரைடில் ஏறத்தாழப் பாதியை வெளியேற்றுவது யார்? அதே சிறுநீரகம்! அது தளர்ந்தால் ஃபுளோரைடு எலும்பிலே தங்கும். கட்டுக்கடங்காத நீரிழிவுக்காரரோ தாகத்தால் மற்றவரைவிட மிகுதியாக நீர் பருகுகிறார். வரவு இரட்டிப்பு, செலவு பாதி. 1972-இல் அமெரிக்க மருத்துவர் இருவர், சிறுநீரகம் கெட்டு, தாகத்தால் மிகுதியாக நீர் பருகிய இரண்டு இளையோருக்கு, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைந்த ஃபுளோரைடு நீராலேயே எலும்பு பாதிக்கப்பட்டதை எழுதினர். ஃபுளோரைடு ஏறிய எலும்பும் எக்ஸ்ரே படத்தில் வெள்ளை வெளேரெனக் கனத்தே தெரியும். "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று படத்தைப் பார்த்து மகிழ்ந்துபோக இடம் உண்டு. கனமும் வலிமையும் ஒன்றல்ல.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது. தமிழ்நாட்டில் 14 பேருக்கு மேல். எல்லையோர ஊர்களில் இது பிறர் வீட்டுக் கதையன்று.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் செய்யத்தக்கவை சில உள. ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கச் செய்யுங்கள். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலி தராது, வீக்கமும் காட்டாது. மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் நலிவிக்கும். கால்சிய மாத்திரையும் அவ்வாறே. மந்தமான எலும்பு அதை ஏற்காவிடில் அது இரத்தக் குழாய்ச் சுவர்களில் போய்ப் படியும். மருத்துவர் இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட் அளவுகளைப் பார்த்துச் சொன்ன பிறகே உண்ணல் வேண்டும்.

ஃபுளோரைடுக்கு அஞ்சித் தாகத்தோடு இருக்கச் சொல்லாதீர்கள். மாற்ற வேண்டியது நீரின் ஊற்றை. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து "கொதிக்க வைத்துக் குடி" என்பது. கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடு கொதித்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். மழைநீரில் அது மிகக் குறைவு. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும். ஆனால் முதலில் கிணற்று நீரைச் சோதித்தறிய வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும்போது கண்ணாடிப் புட்டி வேண்டா, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். கழுவிய பிளாஸ்டிக் புட்டியை அதே கிணற்று நீரால் இரண்டு முறை அலசி நிரப்பி, எந்தக் கிணறு, எந்த நாள் என்று மேலே எழுதிக் கொடுங்கள்.