முதல்முறை கவுன்சலிங் போகிறீர்களா?

"நாளைக்குக் கவுன்சலிங் போறேன்" என்று விடுதியிலிருந்து போனில் சொன்ன மாணவியிடம், "சேர்ந்து ஆறு மாசம் ஆச்சே, இப்ப எந்த காலேஜுக்குடி?" என்று கேட்டாராம் பாட்டி. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்ஜினீயரிங் சீட்டு என்றுதான் பொருள். இது வேறு. மனசு சரியில்லை என்று பல்கலைக்கழகத்திலேயே ஒருவரிடம் போய்ப் பேசுவது. இதற்குக் கட் ஆஃப் கிடையாது.

1. ஆலோசகர் அறை எங்கே என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் ஹெல்த் சென்டர் மாடியிலோ, மாணவர் நல அலுவலகத்தின் ஓரத்திலோ இருக்கும். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

2. நேரம் கேட்கும் மெயிலுக்கு நான்கைந்து வரி போதும். "வணக்கம். எம்.எஸ்ஸி. முதலாமாண்டு படிக்கிறேன். இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை, பாடத்தில் மனம் நிற்கவில்லை. நேரில் பேச வேண்டும். செவ்வாய், வியாழன் மதியம் 2 மணிக்கு மேல் வகுப்பில்லை. தமிழில் பேசினால் எனக்குச் சுலபம்." கடைசி வரியை வெட்கப்படாமல் சேர்த்துவிடுங்கள். அழுகை வரும் நேரத்தில் இங்கிலீஷில் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துறைத்தலைவருக்கு நகல் போட வேண்டாம். லேப் கம்ப்யூட்டரில் அனுப்பினால், மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள்.

3. செமஸ்டர் நெருங்க நெருங்கக் கூட்டம் சேரும். "இன்டர்னல் முடியட்டும்" என்று தள்ளாதீர்கள்.

4. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், கொடுத்த தேதி வரை காத்திருக்கவே கூடாது. டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநல உதவிச் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. அறையில் தனியாக இருக்காமல், அடுத்த அறைக் கதவையாவது தட்டுங்கள்.

5. அரைத்தாள் ஒன்றில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். 'டிப்ரஷன்' என்று நீங்களே பெயர் வைக்க வேண்டாம். "தினமும் 3 மணிக்கு விழிப்பு. வாரத்தில் நாலு நாள் மெஸ் சாப்பாடு விட்டுப்போகிறது. அம்மா போனை எடுப்பதில்லை." எதிரில் இருப்பவருக்கு இந்த மூன்று வரி எவ்வளவோ சொல்லும். பேச்சு வராவிட்டால் தாளையே நீட்டிவிடலாம். அதுவும் பேசினது மாதிரிதான்.

6. மாத்திரை எது சாப்பிட்டாலும் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். தைராய்டு மாத்திரை, சித்த மருந்து எல்லாம் கணக்கில் சேரும். ஆலோசகர் மருந்து எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அனுப்பினால் பயப்பட வேண்டாம். காது வலிக்கு இ.என்.டி.யிடம் அனுப்புவதில்லையா?

7. எல்லோருக்கும் உள்ள பயம் ஒன்றுதான்: வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, வார்டனுக்குப் போய்விடுமோ? உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்: "நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், எப்போது சொல்வீர்கள்?" பொதுவாகப் பேச்சு அந்த அறையைத் தாண்டாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், பதினெட்டு நிரம்பாதவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தாலும் ஆலோசகர் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களுக்கே பதினேழுதான் என்றால், பெற்றோர் சம்மதம் வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படியுங்கள். பஸ் பாஸ் படிவம் மாதிரி நினைத்துக் கிறுக்கிவிட வேண்டாம்.

8. பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பேச்சு முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஐம்பது நிமிடம். வெறும் வயிறு வேண்டாம். முடிந்த கையோடு டெஸ்ட், வைவா எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். கண் சிவந்துதான் வெளியே வருவீர்கள்.

9. ஆன்லைன் என்றால் இடம்தான் பிரச்சினை. நாலு பேர் அறையில் எப்படிப் பேசுவது? அறைத்தோழர்கள் வகுப்புக்குப் போகும் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடி, மைதானத்து வேப்பமரத்தடி என்றால் சிக்னல் கிடைக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இயர்போன் கட்டாயம்.

10. முதல் நாள் பெரும்பாலும் விவரம் கேட்பதிலேயே போய்விடும். வீட்டில் எத்தனை பேர், தூக்கம் எப்படி, எப்போதிலிருந்து இப்படி என்று. "இதற்கா வந்தோம்?" என்று தோன்றினால் இன்னும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆலோசகர் கேட்கலாம், தப்பில்லை. எழுந்திருக்குமுன் அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் "எங்கேடி போயிருந்தே?" என்று அறைத்தோழி கேட்டால், இஷ்டமிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் லைப்ரரிக்குப் போனதாகவே இருக்கட்டும்.