நடுவில் மஞ்சள், ஓரத்தில் புள்ளி

கேள்வி: ஆன்லைனில் மலிவாக வாங்கிய எல்இடி புரொஜெக்டரில் படத்தின் நடுவே மஞ்சள் திட்டு விழுகிறது. ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. பல்பு போய்விட்டதா?

பதில்: பல்பு பழுதானால் படம் மொத்தமாக மங்கும், அல்லது வரவே வராது. உங்களுடையது இரண்டு தனித்தனிக் கோளாறு.

முதலில் புள்ளி. வெறும் வெள்ளைத் திரையைப் போட்டு, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். படத்தோடு சேர்ந்தே புள்ளியும் தெளிந்தால், தூசு, படத்தை உருவாக்கும் எல்சிடி பேனல் மேலேயே இருக்கிறது. படம் மங்கும்போது புள்ளி தெளிந்தால், பேனலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. முன் லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மூடியைத் திறந்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துப் புதுப் புள்ளி வரும்.

மஞ்சள் திட்டுதான் சிக்கல். பேனலை ஒட்டி போலரைசர் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். விளக்கின் சூட்டில் அது கருகினால் இப்படித்தான் ஆகும். துடைத்துச் சரிசெய்ய முடியாது, தாளைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுபவரிடம், புதுத்தாளைப் பழையது இருந்த அதே திசையில் வைக்கச் சொல்லுங்கள். 90 பாகை திரும்பிவிட்டால் படம் நெகட்டிவ் மாதிரி வரும்.

மாற்றுவதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். பெரும்பாலும் காற்றுத் துளைகளில் பஞ்சுபோல் தூசு அடைத்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் புதுத்தாளும் கருகும். காற்றுத் துளைகள் அடைபடும்படி புரொஜெக்டரை மெத்தை மேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.