ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

கொடூரமான கொலைச் செய்தி வந்தால் ‘தூக்கில் போடு’ என்ற குரல் எழுகிறது. செத்தவரை நினைத்து வரும் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தூக்குத் தண்டனை பற்றியும் கருணை மனு பற்றியும் நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகள் தவறானவை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தவறான நம்பிக்கையை அப்படியே விடக் கூடாது.

நம்பிக்கை: கொலைக்குத் தண்டனை தூக்குதான்.

உண்மை: ஆயுள் அல்லது தூக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆயுளே பொது விதி. அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

நம்பிக்கை: ஆயுள் கைதி 14 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவார்.

உண்மை: ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும். கொலை போன்ற குற்றங்களில், 14 ஆண்டு முடிந்த பிறகே தண்டனைக் குறைப்பு பற்றி அரசு யோசிக்கலாம். விடுதலை உரிமையாகக் கிடைத்துவிடாது.

நம்பிக்கை: ஒரே குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனை.

உண்மை: உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நால்வரைக் கொன்ற வழக்கில் மூவருக்கு 1975இல் தூக்கு விதிக்கப்பட்டது. மூவருக்கும் குற்றத்தில் சம பங்கு. தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். முதலாமவரின் மனு 1976இல் தள்ளுபடியானது. இரண்டாமவரின் மனுவை விசாரித்த வேறு அமர்வு 1977இல் ஆயுளாகக் குறைத்தது. மூன்றாமவரின் மனு 1978இல் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6 அன்று முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் சாக வேண்டிய மூன்றாமவர், கடைசி நேரத்தில் போட்ட மனுவால் தடை பெற்றார். இந்த முரணைக் கண்ட உச்ச நீதிமன்றம், அவர் தண்டனையையும் குறைக்குமாறு 1982இல் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது.

நம்பிக்கை: உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த பிறகு பிழைக்கு இடமில்லை.

உண்மை: மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த கொலை வழக்கில் ஆறு பேருக்கும் தூக்கு என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019இல் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அந்த ஏழைகளின் 16 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. இடையில் கயிறு இறுக்கப்பட்டிருந்தால் 2019இன் தீர்ப்பு யாரை விடுவித்திருக்கும்?

நம்பிக்கை: கருணை என்பது குடியரசுத் தலைவர் மனமிரங்கி இடும் பிச்சை.

உண்மை: அது அரசமைப்புச் சட்டத்தின் 72, 161ஆம் பிரிவுகள் தந்த அதிகாரம். குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதைப் பயன்படுத்த வேண்டும். வழக்கின் சாட்சியங்களைக் குடியரசுத் தலைவர் புதிதாக ஆராய்ந்து, நீதிமன்றத்திலிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீதிமன்றம் காணத் தவறியதைக் காண்பதற்கே அந்த அதிகாரம்.

நம்பிக்கை: கருணை மனு போட்டு இழுத்தடித்தே கைதிகள் தப்பிக்கிறார்கள்.

உண்மை: மனு கொடுப்பது கைதி, அதன் மேல் முடிவெடுக்காமல் வைத்திருப்பது அரசு. விளக்கமற்ற நீண்ட தாமதமே தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறி, 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. அடுத்த மாதமே ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தண்டனை அப்படிக் குறைந்தது. அவர்கள் மனுக்கள் 11 ஆண்டுகள் கிடந்தன. அவர்களில் பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018இல் பரிந்துரைத்தும், 2022இல் உச்ச நீதிமன்றம்தான் விடுதலை செய்ய வேண்டியிருந்தது.

குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 1982இல் நீதிமன்றம் தன் முரணைக் கண்டபோது, சரிசெய்ய மூன்றாமவர் உயிரோடு இருந்தார். முதலாமவர் இல்லை. திருத்த முடியாத தண்டனையை நம் சட்டத்தில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்கும் நாள்வரை, ஒவ்வொரு கருணை மனுவையும் காலத்தோடும் கவனத்தோடும் படிப்பது அரசின் கடமை.