சென்னை வராகன்களும் வகைத்தொகுதியும்

பழங்காசு தொகுப்போர் இருதிறத்தர். ஒரு காசு அடிக்கப்பட்ட ஆண்டுகளுள் ஒன்றும் விடாது திரட்ட முயல்வோர் ஒருசாரார். வடிவம் மாறுந்தோறும் ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு காசே அமையும் என்போர் மற்றொரு சாரார். பின்னவர் சேர்ப்பதனை வகைத்தொகுதி என்னலாம். பொற்காசு அரியதும் விலைமிக்கதும் ஆதலின் அதற்கு இம்முறையே ஏற்றதாகும். சென்னையிற் கிழக்கிந்தியக் கும்பினியார் வெளியிட்ட பொற்காசுகளைக்கொண்டு இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஒரு காசு அரியதாவது குறைவாக அடிக்கப்பட்டமையால் மட்டுமன்று, பெரும்பாலும் உருக்கப்பட்டமையாலேயாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பொற்காசு முதன்முதல் 1795இல் அடிக்கப்பட்டது. பின்னர்ப் பொன்னின் விலை காசின் முகமதிப்பை விஞ்சவே, காசுகள் கடல்கடந்து உலைக்களம் புகுந்தன. 1834இல் இயற்றப்பட்ட சட்டம் காசின் எடையைக் குறைத்த பின்னரே அது நின்றது. 1822ஆம் ஆண்டுக்குரிய ஐந்து டாலர்ப் பொற்காசு 17,796 அடிக்கப்பட்டதாகக் கணக்குண்டு. இன்று அறியப்பட்டவையோ மூன்றே. நம் நாட்டிலோ உலைக்களம் தொலைவில் இல்லை. ஒவ்வோர் ஊர்த் தட்டாரிடத்தும் அஃது இருந்தது.

இனிச் சென்னை வகைகளை நோக்குவோம். வராகன் என்பது விசயநகர வேந்தர் காலத்திற் பெருவழக்குற்ற பொற்காசு. ஐரோப்பியர் இதனைப் பகோடா என்றனர். கும்பினியார் தம் காசு இந்நாட்டுச் சந்தையிற் செல்லவேண்டி அவ்வடிவையே மேற்கொண்டனர். ஆதலின் தொகுதியின் முதற்காசு மூன்று சாமி வராகன். இரு தேவியரோடு திருமால் நிற்கும் உருவம் ஒருபுறமும், மணிமணியான புள்ளிகள் மறுபுறமும் உடையது. இரண்டாவது நட்சத்திர வராகன். புள்ளிகளின் நடுவே ஐந்துமுனை விண்மீன் விளங்குவது. எடை ஏறத்தாழ 3.4 கிராம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அந்நாளைய கணக்கு.

மூன்றாவதும் நான்காவதும் 1808 முதல் பொறியால் அடிக்கப்பட்ட இரட்டை வராகனும் ஒற்றை வராகனும். இவற்றில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும் அமைய, ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 1818இல் வராகன் கணக்கு நீங்கி ரூபாய்க் கணக்கு வந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என மாற்று வகுத்தனர். ஐந்தாவதாகிய 1819ஆம் ஆண்டு மோகரிற் கோபுரமும் இல்லை, திருமாலும் இல்லை. கும்பினியாரின் சிங்கமே நிற்கின்றது. இவ்வைந்தனையும் வரிசைப்பட வைத்து நோக்குவார்க்கு, வணிகர் ஆள்வோரான வரலாறு ஓர் உள்ளங்கையில் அடங்குமன்றோ!

இவ்வராகன்களுட் பல துளையுற்றோ, வளையம் பற்றவைக்கப்பெற்றோ கிடைக்கின்றன. தொகுப்போர் அவற்றை இழிவாகக் கருதி விலை குறைப்பர். யாம் அங்ஙனம் கருதோம். காசுமாலையிற் கோக்கப்பட்டமையாலன்றோ அவை உருகாது எஞ்சின? பேழையில் வைத்துப் போற்றிய செல்வரினும், கழுத்தில் அணிந்து மகளுக்கு விட்டுச்சென்ற தாயரே இக்காசுகளை மிகுதியாகக் காத்தனர் எனலாம். துளை குறையே; ஆயினும் உயிர் காத்த குறை.

மாணாக்கர் பொற்காசு வாங்கும் பொருளுடையரல்லர். எனினும் வகைத்தொகுதி அமைத்தல் அவர்க்கும் இயலும். எம் ஊராகிய நெமிலிச்சேரியிற் புகைவண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்குவார்க்கு, 1851இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகம் சேய்மைத்தன்று. அதன் காசுகளை விரித்துரைக்கும் எட்கர் தர்ஸ்டனின் நூல் 1890இல் வெளிவந்தது. அதனைக் கற்று, ஒவ்வொரு வகைக்கும் ஒரு படம், எடை, விட்டம், எழுத்து, காலம் எனக் குறித்து ஓர் ஏடு அமைக்கலாம். வீட்டிற் பழைய மாலை இருப்பின், அதனை அழித்துப் புதுநகை செய்யுமுன் காசுகளை இருபுறமும் படமெடுத்து, நிறுத்து எழுதி வைத்தல் வேண்டும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தல் கூடாது, எழுத்துத் தேயும். மண்ணிற் புதையுண்டு கிடைத்தது 10 ரூபாய்க்கு மேற்பட்டதாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர்க்கு அறிவித்தல் கடன்.

ஏட்டில் எழுதுவதாற் பயன் என்னை எனின், உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு ஒன்றனைக் காட்டுவோம். அதன் மூலம் இழக்கப்பட்டது. வால்டர் எலியட் வெளியிட்ட வரைபடத்தாலேயே அப்படி ஒரு காசு இருந்தமை அறிகின்றோம். பொன் போயிற்று, தாள் நின்றது. ஆதலின் உடைமையாற் பெறுவது சிலர்க்கே உரியது; அறிவாற் பெறுவது யாவர்க்கும் உரியது. உருகும் காசு மீளாது, உருகுமுன் எழுதிவைப்போமாக.