நின்று படிப்பவர்களுக்கு எழுதுவது

தாவரவியல் ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் எங்கள் வகுப்பின் சுவர்ப் பத்திரிகை தொங்கும். ஒரு முழு சார்ட், அதில் ஒட்டிய நாலைந்து தாள்கள், ஓரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

தேர்வில் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று பக்கத்தை நிரப்பினால் போதும். திருத்துகிறவர் படித்தே ஆகவேண்டும். வராந்தாவில் நிற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெல் அடித்துவிடும், அல்லது கேண்டீனில் பஜ்ஜி தீர்ந்துவிடும். அதனால் என் தாள் ஒட்டிய நாளில் தூணோரம் நின்று, யார் எந்த வரியில் நகர்கிறார்கள் என்று பார்ப்பேன். எந்த ஆசிரியரின் திருத்தமும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

எங்கள் கல்லூரி தூத்துக்குடிப் பக்கம். என் முறை வந்தபோது பனையைப் பற்றி எழுதினேன். 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம், ஆண் மரம் அலகுப்பனை, பெண் மரம் பருவப்பனை என்று செய்திகள் கைவசம் நிறையவே இருந்தன. ஆனால் தொடங்கியது வேறு இடத்தில்: “ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். அதனால் சீசனில் பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.” 1978 ஐந்தாவது வரிக்குப் போனது. அதற்குள் ஆள் நின்றுவிட்டதால் அதையும் படித்தார்கள்.

ஒரே பலகையின் முன் இரண்டு விதமான வாசகர்கள் நிற்பார்கள். உடன்குடிப் பக்கத்துப் பையனுக்குப் பனையில் எல்லாம் தெரியும். வால்பாறையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் பதநீரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்காக ஒரு பத்தி விளக்கம் எழுதினால் இவன் போய்விடுவான். விளக்கத்தைத் தனியே வைக்காமல் வேலைக்குள்ளேயே நுழைப்பதுதான் நான் கண்டுபிடித்த வழி. “புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் மாட்டினார்.” சுண்ணாம்பு எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிடும், இவனுக்கும் சலிக்காது.

‘பேசுவது போலவே எழுது’ என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நடப்பதைச் சொல்லும் இடத்தில் எழுத்துத்தமிழ் நன்றாகவே ஓடுகிறது. பிறர் வாயில் வருவதைத்தான் தொடக்கூடாது. “கருக்கல்லயே ஏறிருவோம்” என்றுதான் கட்டுரைக்காக நான் பேசிய பனையேறி சொன்னார். அதை “நாங்கள் அதிகாலையில் ஏறிவிடுவோம்” என்று மாற்றினால், அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி நிற்கிற மனிதர் போய், வானொலிச் செய்தி வாசிப்பவர் வந்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட என் வாக்கியங்களை மாற்றியது இன்னொன்று. அந்தப் பனையேறியின் மகன் எங்கள் வகுப்பு. நாளைக் காலை இந்தத் தாளின் முன் வந்து நிற்பான். ‘வறுமையில் வாடும் தொழிலாளர்கள்’ என்று எழுதப் பேனா போனது. அவன் முகம் நினைவுக்கு வந்ததும் நின்றது. அதற்குப் பதில், காலையும் மாலையும் எத்தனை மரம் ஏறுகிறார், கருப்பட்டி என்ன விலைக்குப் போகிறது என்று அவரிடமே கேட்டு எழுதினேன். நாம் எழுதுவது யாரைப் பற்றியோ அவரே படிப்பார் என்று தெரிந்தால், இரக்கச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். அந்த இடத்தை நிரப்பத் தகவல் தேடி ஓடவேண்டியிருக்கும்.

படித்தவர்கள் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கும் பென்சில் குறிப்புகளில் ‘சூப்பர்’களை விட்டுத்தள்ளலாம். “இது யாரு சொன்னா?”, “இந்த வரி ரெண்டு தடவ படிச்சேன், புரியல” என்பவைதான் தேறும். ஒற்றுப்பிழைகளைத் தமிழ்த்துறை ஐயா ஒருவர் போகிற போக்கில் சிவப்பில் சுழித்துவிட்டுப் போவார். அது தனிக் கச்சேரி.

உங்கள் வகுப்பில் இப்படியொன்று தொடங்கினால், கையெழுத்து அழகாக இருப்பவரிடமே எல்லாத் தாளையும் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். அவரவர் கட்டுரையை அவரவரே படியெடுக்கட்டும். கை வலிக்க ஆரம்பித்ததும் ‘மிகவும்’, ‘பல்வேறு’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ எல்லாம் முதலில் கழன்றுவிடும். எங்கள் வகுப்பில் சிலருடைய கட்டுரைகள் அப்படித்தான் பாதியாகச் சுருங்கின.